பத்து ஆராங்: இரயில் தின்ற கரி



சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மாணவர் ஒருவர், பழைய செய்தித்தாளில் பொதிந்த கறுப்புக் கட்டியொன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உறவினர் வீட்டுக்குப் பத்து ஆராங் சென்றிருந்தபோது, ஏரிக்கரையோரம் கிடந்ததை எடுத்து வந்தாராம். "ஐயா, இது கல்லா, கரியா?" என்பது அவர் வினா. வகுப்பில் இன்னொருவர் உடனே எழுந்து, "ஐயா, பத்து ஆராங் என்றால் மற்ற ஒன்பது ஆராங்குகள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

இரண்டாவது வினா வேடிக்கையானதுதான். ஆனால், நம்மவர் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. பத்துமலை என்பதைப் பத்து மலைகள் எனப் பொருள்கொண்ட பெரியவர்களையே நான் கண்டிருக்கிறேன். இவ்விரு பெயரிலும் வரும் 'பத்து' தமிழ் எண் அன்று. கல் எனப் பொருள்படும் மலாய்ச் சொல். 'ஆராங்' என்றால் கரி. கல்லும் கரியும் சேர்ந்ததே ஊரின் பெயர். ஆகவே, முதல் மாணவரின் வினாவுக்கு அவ்வூர்ப் பெயரே விடையாக அமைந்துவிட்டது. சீனர்கள் அவ்வூரை 'நிலக்கரி மலை' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். சுரங்கம் வருவதற்கு முன் அவ்விடம் ரந்தாவ் பாஞ்சாங் என்ற பழைய பெயரால் அறியப்பட்டிருந்தது. நிலக்கரி வந்து பழைய பெயரை விழுங்கிவிட்டது.

அன்று அம்மாணவருக்குச் சொல்லத் தொடங்கியதை அரைமணி நேரப் பாடவேளையில் முடிக்க இயலவில்லை. அதன் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் மாணவனாக இருந்த காலத்தில் நம் நாட்டு வரலாற்றைப் படித்தபோது ஈயமும் ரப்பரும் பக்கம் பக்கமாக வந்தன. நிலக்கரிக்கென ஒரு பத்தியைப் படித்ததாக நினைவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோதும் அப்படித்தான். ஆனால், வீட்டில் நிலைமை வேறு. என் தாய்வழிப் பாட்டனார் இரயிலில் 'பயர்மேனாக' இருந்தவர். இரயில் எஞ்சினின் உலைவாய்க்கு முன் நின்று, ஓடும் வண்டியின் ஆட்டத்தில் தடுமாறாமல், மண்வெட்டியால் கரியை அள்ளி அள்ளிப் போடுவதே அவர் வேலை. அவருடைய வலக்கையில் முழங்கைக்குக் கீழே தீத்தழும்புகள் இருந்தன. சிறுவயதில் அவற்றைத் தொட்டுப் பார்த்து எண்ணுவேன். 'ரவாங் கரி' என்ற சொல்லை முதன்முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். அதை அவர் அன்போடு சொல்லவில்லை. வேகமாக எரிந்து தீர்ந்துவிடும், சாம்பல் மிகுதி, வெளிநாட்டுக் கரிக்கு ஒரு மண்வெட்டி என்றால் இதற்கு ஒன்றரை போட வேண்டும் என்பார். அது தொழிலாளியின் கணக்கு. அக்கணக்கில் அறிவியலும் இருக்கிறது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

பத்து ஆராங் சிலாங்கூர் மாநிலத்தில், ரவாங் பட்டணத்துக்கு மேற்கே உள்ளது. சில கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரியும் சதுப்பும் நிறைந்த ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. மடிந்து விழுந்த செடிகொடிகளும் மரங்களும் அதில் புதைந்து, அழுந்தி, கரியாயின. பிரிட்டனில் தோண்டியெடுத்த கரியோ முப்பது கோடி ஆண்டு பழைமையுடையது. அதனோடு ஒப்பிட்டால் நம்மூர்க் கரி பச்சிளங் குழந்தை. வயது குறைந்த கரியில் ஈரம் மிகுதி, வெப்பம் குறைவு. காற்றில் கிடந்து உலர்ந்தால் வெடிப்புவிட்டு உதிரும். இவை எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. குவித்து வைத்தால் யாரும் நெருப்பு மூட்டாமலே தானாகச் சூடேறி எரியத் தொடங்கிவிடும். தோண்டியதை நெடுங்காலம் சேமித்து வைக்க முடியாது. கப்பலேற்றித் தொலைதூரம் விற்பதும் கடினம். தோண்டத் தோண்ட அருகிலேயே எரித்துத் தீர்க்க வேண்டிய பொருள் அது. சேமிக்க இயலாத இக்குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் வரும் 1937ஆம் ஆண்டுச் செய்திக்கு இது தேவைப்படும்.

அங்கே நிலக்கரி கண்டறியப்பட்டது 1908இல். அடுப்புக் கூட்டக் கற்களை வைத்தபோது கல்லே பற்றிக்கொண்டது என்பது ஊரில் வழங்கும் கதை. உலகில் நிலக்கரி கிடைத்த ஊர்களில் பாதிக்கு இதே கதை உண்டு. ஆகையால் அதை இரசித்துவிட்டு மேலே செல்வோம். நிலக்கரியைத் தொழிலாக்கியவர் ஜே.ஏ. ரசல் என்னும் ஆங்கிலேயர். 1882இல் பிறந்த இவர் சிறுவனாகவே கோலாலம்பூருக்கு வந்தவர். தந்தை அரசு அச்சகப் பொறுப்பாளர். இளமையிலேயே சீனமொழி பேசப் பழகியதால், சீன முதலாளிகளோடும் குத்தகையாளர்களோடும் நேரே பேசித் தொழில் செய்ய அவரால் முடிந்தது. அவர் தோற்றுவித்த மலாயன் கோலியரிஸ் நிறுவனம் 1915இல் கரி வெட்டத் தொடங்கியது. இங்கே இடைச்செய்தி ஒன்று. கேமரன் மலையில் 1929இல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் இதே ரசல்தான். அம்மலைச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த நம்மவர் எத்தனையோ பேர். ஆக, பத்து ஆராங்கின் கரியும் காலையில் நாம் அருந்தும் தேநீரும் ஒரே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கின்றன.

காலமும் ரசலுக்குக் கைகொடுத்தது. மலாயாவில் 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இரயில் ஓடியதிலிருந்து, எஞ்சின்கள் பெரும்பாலும் விறகையே தின்று வந்தன. ஈயச் சுரங்கங்களில் நீரிறைக்கும் நீராவி எந்திரங்களுக்கும் விறகுதான். காடுகளும் கரையோரப் பாக்காவ் மரங்களும் வெட்டவெட்டக் குறைந்து, விறகு தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. கடல்கடந்து நிலக்கரி வரவழைக்கலாம் என்றால், 1914இல் முதல் உலகப் போர் மூண்டு கப்பல்கள் அரிதாயின, விலையும் ஏறிற்று. அந்த வேளையில், இருப்புப்பாதைக்கு வெகு அருகிலேயே கரி கிடைக்கிறது என்றால் அரசு விடுமா? குவாங் நிலையத்திலிருந்து பத்து ஆராங்குக்குக் கிளைப்பாதை போடப்பட்டது. மலாய் மாநிலங்களின் இரயில்வேயே சுரங்கத்தின் முதல் பெரும் வாடிக்கையாளர் ஆனது. பின்னர் ஈய மண்ணை வாரும் மிதவை எந்திரங்களும், கோலாலம்பூருக்கு மின்சாரம் தந்த பங்சார் மின்நிலையமும் அதே கரியை வாங்கின.

மலாயாவில் வேறு நிலக்கரி இல்லாமலில்லை. பேராக் மாநிலத்தின் எங்கோர் என்னுமிடத்தில் 1920களில் முயன்றார்கள், நிலைக்கவில்லை. போர்னியோ பக்கம் லாபுவானில் 1847 முதல் 1911 வரை தோண்டினார்கள். அங்கே உயர்ந்து நிற்கும் செங்கற் புகைபோக்கியை இன்றும் சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கின்றனர். ஆனால், தீபகற்ப மலாயாவின் நிலக்கரித் தொழில் என்றால் அது பத்து ஆராங் மட்டுமே. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், ஆண்டொன்றுக்கு 7 இலட்சம் டன்னுக்கு மேல் கரி அங்கிருந்து வெளியேறியது.

கரி இரண்டு வகையாக எடுக்கப்பட்டது. படிவம் மேலாக இருந்த இடங்களில் மண்ணை அகற்றித் திறந்த குழியாக வெட்டினர். ஆழத்தில் இருந்ததைச் சுரங்கவழிகள் அமைத்துத் தோண்டினர். தானே தீப்பற்றும் கரியைக் குடைந்தெடுப்பது எத்தகைய வேலை என எண்ணிப் பாருங்கள். வெட்டியெடுத்த வெற்றிடத்தை அப்படியே விட்டால், மிச்சமிருக்கும் கரி காற்றுப்பட்டுச் சூடாகும்; மேற்கூரையும் சரியும். அதனால் தண்ணீரோடு மணலைக் கலந்து குழாய்வழியே செலுத்தி, வெற்றிடத்தை நிரப்பும் முறையைக் கையாண்டனர். மேல்மண்ணாக அகற்றிய களிமண்ணும் வீணாகவில்லை. செங்கற் சூளைகள் எழுந்தன. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றும் வந்தது. காட்டுக்கு நடுவே மின்விளக்கு, மருத்துவமனை, கடைத்தெரு எனத் தொழிற்பட்டணம் ஒன்றே உருவாயிற்று.

இனி, அங்கே உழைத்தவர்களைப் பார்ப்போம். பல்லாயிரம் தொழிலாளருள் பெரும்பான்மையினர் சீனர். இந்தியரும் மலாய்க்காரரும் உடன் இருந்தனர். சீனத் தொழிலாளருள் பெரும்பாலோருக்கு நிறுவனம் நேரடி முதலாளி அன்று. இடையில் குத்தகையாளர் இருந்தார். வெட்டிய கரிக்கு டன் கணக்கில் நிறுவனம் குத்தகையாளருக்குப் பணம் தரும். அவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுச் செலவு, தங்குமிடம், முன்பணம் ஆகியவற்றைக் கழித்து மீதியைத் தொழிலாளிக்குத் தருவார். கடன் தீராதவன் வேறிடம் போக முடியாது. வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தோட்டத்தில் நம் முன்னோர் அறிந்த கங்காணியைச் சற்றே உருமாற்றினால் இவர் வந்து நிற்பார். கங்காணிக்கும் வேலைக்கு வரும் ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. இரண்டு முறைகளின் உள்ளாரமும் ஒன்றே: உழைப்பவனுக்கும் கூலி தருபவனுக்கும் நடுவே ஒருவரை நிறுத்திவிட்டால், முறையீடு முதலாளியின் காதுக்குப் போய்ச் சேராது.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் எல்லாருடைய கூலியும் வெட்டப்பட்டது. 1930களின் நடுவில் ரப்பர் விலையும் ஈய விலையும் ஏறத் தொடங்கின. இரயில்களும் மின்நிலையமும் முன்னிலும் மிகுதியாகக் கரி கேட்டன. ஆனால், வெட்டப்பட்ட கூலி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1936 நவம்பரில் பத்து ஆராங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஓரளவு கூலி உயர்வு கிடைத்தது, மனக்குறை தீரவில்லை. 1937 மார்ச்சு மாதத்தில், ரப்பர்த் தோட்டங்களிலும் வேலைநிறுத்தங்கள் பரவிய சூழலில், பத்து ஆராங்கில் மீண்டும் வெடித்தது. இம்முறை அவர்கள் வேலையை நிறுத்தியதோடு நிற்கவில்லை. சுரங்கத்தையே தங்கள் வசப்படுத்திக்கொண்டு, சொந்தக் காவலும் குழுக்களும் அமைத்துப் பட்டணத்தை நடத்தத் தொடங்கிவிட்டனர். அதிகாரிகள் இதைச் 'சோவியத்து' என்றே குறிப்பிட்டனர். 1930இல் தோன்றிய மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் கை இதில் இருந்தது என்பது உண்மை. அதனால் கூலிக்குறைவு பொய்யாகிவிடாது. எவ்வளவு திறமையான கட்சிக்காரராயினும், நிறைவான கூலி பெறுவோரைக் கொண்டு ஒரு சுரங்கத்தைக் கைப்பற்ற முடியாது என்பது என் கருத்து.

அரசு ஏன் அவ்வளவு அஞ்சிற்று? இங்கேதான் அக்கரியின் குணத்துக்கு நாம் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் குவித்து வைக்கக்கூடிய கரியாக இருந்திருந்தால், கிடங்கில் உள்ளதை எரித்துக்கொண்டு தொழிலாளர் பட்டினியால் பணியும்வரை அரசு காத்திருக்கலாம். பத்து ஆராங் கரியை அப்படிக் குவிக்க முடியாதே! சுரங்கம் நின்றால், சில நாளில் இரயில் நிற்கும் நிலை. கோலாலம்பூரில் விளக்கு அணையும் நிலை. ரப்பர்த் தோட்டத்தில் ஒரு மாதம் பால்வெட்டு நின்றால் தோட்டத்துரைக்கு இழப்பு. பத்து ஆராங்கில் ஒரு வாரம் நின்றால் நாடே நின்றுவிடும். அந்தப் பலம் தங்கள் கையில் இருக்கிறது என்பதைச் சுரங்கத் தொழிலாளர் உணர்ந்துவிட்டனர், அரசும் உணர்ந்துவிட்டது. மார்ச்சு மாத இறுதியில் விடியற்காலையில் பெரும் காவற்படை புகுந்து சுரங்கத்தை மீட்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்; சிலர் காயமுற்றனர்; நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். முன்னின்றவர்கள் சீனாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இதே மாதங்களில் இன்னொன்றும் நிகழ்ந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மலாயாவிலுள்ள இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய இந்திய அரசு அனுப்பிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, 1936ஆம் ஆண்டு இறுதியில்தான் இங்கு வந்திறங்கினார். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். 1937இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. மந்தக் காலத்தில் வெட்டப்பட்ட கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்றும் கருதியதால் அவ்வறிக்கை பலருக்கு ஏமாற்றமளித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும், நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே மந்தம், ஒரே கூலிவெட்டு. தமிழ்த் தொழிலாளியின் குறையைக் கேட்க, நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் ஒரு பெரியவர் கப்பலேறி வந்தார். சீனத் தொழிலாளியின் குறையைக் கேட்க அப்படி எவரும் வரவில்லை. கடைசியில் காவற்படை வந்தது. நம்மவர் அடக்கமானவர்கள், அவர்கள் கலகக்காரர்கள் என்று அக்காலத்துத் துரைமார் எழுதி வைத்ததை இன்றும் சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்கிறேன். மனு எழுத வாசல் ஒன்று திறந்திருந்தவர் மனு எழுதினார். அவ்வாசல் இல்லாதவர் சுரங்கத்தை அடைத்தார். இதில் இனக்குணம் எங்கே வந்தது?

நான்கே ஆண்டுகளில் அந்த வேறுபாடும் கரைந்துபோனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள், சீனருக்கு இணையான கூலி வேண்டுமெனவும் மரியாதையாக நடத்தப்பட வேண்டுமெனவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வழிகாட்டிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். ஊரும் மொழியும் மாறினாலும் மருந்து ஒன்றாகவே இருந்தது: முதலில் கைது, அடுத்து துப்பாக்கி, இறுதியில் கப்பல்.

நாடு கடத்தல் என்பதைப் பற்றி வரலாற்று ஆசிரியனாக ஒன்று சொல்ல விழைகிறேன். அது ஒருவரைத் தண்டிப்பதோடு நில்லாமல், அவர் அறிந்ததையும் சேர்த்து அப்புறப்படுத்திவிடுகிறது. பத்து ஆராங் நிகழ்வைப் பற்றி இன்று எழுதுவோர்க்குக் கைக்கெட்டுவன பெரும்பாலும் காவல்துறையின் குறிப்புகளும் அரசு அதிகாரிகளின் கடிதங்களும் நிறுவனத்தின் அறிக்கைகளுமே. பேரப்பிள்ளைகளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லியிருக்க வேண்டியவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டுவிட்டார்கள். நம் பாடநூல்களில் நிலக்கரி இடம்பெறாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என எனக்கு ஐயம் உண்டு.

அடுத்த பத்தாண்டுகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1942 சனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானது. பின்வாங்கிய பிரிட்டிஷார் சுரங்க எந்திரங்களைச் சிதைத்துவிட்டே சென்றனர். ஜப்பானியர் இயன்றவரை சரிசெய்து கரி எடுத்தனர்; பராமரிப்பு என ஒன்றும் இல்லை. போர் முடிந்து நிறுவனம் திரும்பியபோது கிடைத்தது சீர்குலைந்த சுரங்கம். 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம், சூலை 12ஆம் நாள், ஆயுதமேந்திய கம்யூனிஸ்டுகள் பத்து ஆராங் பட்டணத்துக்குள் புகுந்து எந்திரங்களைச் சேதப்படுத்தியதோடு ஐவரைக் கொன்றுவிட்டுக் காட்டுக்குள் மறைந்தனர். 1937இல் எழுந்த கோரிக்கையின் நியாயத்தை ஏற்கும் என் மனம் இச்செயலை ஏற்கவில்லை. அது தொழிலாளரின் சோற்றுப் பானையிலேயே கல்லெறிந்த செயல்.

இருந்தும் பத்து ஆராங்கை வீழ்த்தியது துப்பாக்கி அன்று, எண்ணெய். போருக்குப் பின் கரியின் வரவு முன்னளவுக்கு உயரவேயில்லை. அதற்குள் இரயில்வே தன் எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கிவிட்டது. 1938 முதல் கரிக்கென வாங்கிய '56' வகை நீராவி எஞ்சின்களே எண்ணெய் எரிப்பனவாக மாற்றப்பட்டன. 1957இல் டீசல் எஞ்சின்கள் வந்தன. என் பாட்டனார் இம்மாற்றத்தைக் கண்டவர். எண்ணெய் எஞ்சினில் மண்வெட்டிக்கு வேலையில்லை. குழாயின் திருகைத் திருப்பினால் போதும். முதுகுவலி குறைந்தது என்று அவர் மகிழ்ந்திருக்கிறார். அதே திருகு, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பட்டணத்தின் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அன்று தோன்றியிருக்க வழியில்லை. முதன்மை வாடிக்கையாளரை இழந்த சுரங்கம், 1960ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மூடப்பட்டது. அவசரகாலம் அதே ஆண்டு சூலையில் முடிவுக்கு வந்தது. வேலையிழந்த குடும்பங்கள் பிழைப்புத் தேடிக் கலைந்தன. குவாங்கிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் இன்று இல்லை.

மாணவர் கொண்டுவந்த கட்டியின் தூண்டுதலால், ஒரு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பத்து ஆராங் சென்றுவந்தேன். திறந்தவெளிக் குழிகள் நீர் நிரம்பி ஏரிகளாகக் கிடக்கின்றன. பார்க்க மிக அழகு. பழைய கடைவீடுகள், செங்கற் சூளையின் உயர்ந்த புகைபோக்கிகள், செடிகொடி மூடிய கட்டடச் சுவர்கள். கோலாலம்பூரின் விளிம்பு ரவாங் வரை வீங்கி வந்துவிட்ட பிறகும், பத்து ஆராங்கில் அடுக்குமாடிகள் எழாமைக்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. பழைய சுரங்கவழிகள் கீழே ஓடுவதால் நிலம் அமிழும் அச்சம். ஆகவே கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு. சுரங்கம் மூடப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்தும், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்பதைச் சுரங்கமே தீர்மானிக்கிறது.

திரும்பும் வழியில் என் மகள் கேட்டாள்: "அப்பா, இப்போது நம் நாட்டில் நிலக்கரியே எரிப்பதில்லையா?" எரிக்கிறோம், முன்னைவிடப் பன்மடங்கு எரிக்கிறோம். இதே சிலாங்கூரில், கிள்ளானுக்கு அருகிலுள்ள காப்பார் மின்நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து நிலக்கரியில் இயங்கி வருகிறது. பேராக்கின் மஞ்சோங்கிலும் பெரிய நிலையம் உண்டு. சரவாக்கில் ஓரளவு கரி எடுக்கப்பட்டாலும், தீபகற்பத்தின் உலைகளுக்குப் பெரும்பகுதி இந்தோனேசியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில்தான் வருகிறது. நான் இதைத் தட்டச்சு செய்யும் கணினிக்கு வரும் மின்சாரத்திலும் ஏதோவொரு நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் வியர்வை கலந்திருக்கிறது.

மாணவர் தந்த கட்டியை வகுப்பறை அலமாரியில், கண்ணாடிக் குப்பியில் இட்டு வைத்திருந்தேன். சில மாதங்களில் அது வெடிப்புவிட்டு, ஓரங்கள் உதிர்ந்து, ஆண்டிறுதியில் பாதி தூளாகிவிட்டது. "ஐயா, யாரும் தொடவில்லை, சத்தியமாக" என்று அம்மாணவர் பதறினார். இளங்கரியின் இயல்பு அதுவென விளக்கினேன். அந்தத் தூளையும் கொட்டாமல் வைத்திருக்கிறேன். அடுத்து வரும் வகுப்புகளுக்கு உதவும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து ஆராங் சுரங்கத்திலோ, செங்கற் சூளையிலோ, குவாங் கிளைப்பாதையிலோ பணிபுரிந்த தமிழர் குடும்பங்களைச் சேர்ந்தோர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னவற்றைத் தயவுகூர்ந்து எனக்கு எழுதியனுப்புங்கள். குறிப்பாக, சுரங்கத்தின் பகுதிகளையும் கருவிகளையும் வேலைகளையும் அவர்கள் தமிழில் என்னென்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். என் பாட்டனார் வழி எனக்கு வந்து சேர்ந்தது 'ரவாங் கரி' என்ற ஒரு சொல் மட்டுமே.